சாய்கோடு

சென்னைக் கம்பெனி விற்றுவிட்டுப் போன மென்பொருளில்
‘நெல் வரவு’ பக்கத்தின் தலைமாட்டில்
ஒரு வெற்றுப் பெட்டி கிடந்தது.
இரண்டு வருஷம் யாரும் தொடவில்லை.
பெயர் மட்டும் பெரிசு:
தனிப்பயன் எச்டிஎம்எல் உள்ளடக்கம்.
உதவி எண்ணில் கேட்டேன்.
“அதுல நீங்க என்ன வேணாலும் போட்டுக்கலாம் மேடம்.”
என்ன வேணாலும்.
நீடாமங்கலத்தில் ஒரு ரைஸ்மில் கணக்கரிடம்
அதுவரை யாரும் சொன்னதில்லை.

சாப்பாட்டு வேளையில்
ரசம் சிந்திய நோட்டில் எழுதிப் பழகினேன்.
திறக்க ஒரு குறி, மூட ஒரு குறி.
மூடுவதற்கு மட்டும் கூடுதலாக ஒரு சாய்கோடு.
முதலில் ரகவாரியாக விலைப்பட்டியல்.
பிறகு எடைமேடை நேரம்.
பிறகு, கேட்க ஆளில்லை என்பதால்,
பட்டியலைச் சுற்றி மெல்லிய பச்சைக் கரை.
“இது கம்பெனி குடுத்ததா?” என்றார் முதலாளி.
ஆமாம் என்றேன்.

தை பதினொன்று. காலமில்லாத காலத்தில் மழை.
அறுப்புக்கு நின்றது படுத்துவிட,
அறுத்தது நனைந்துகொண்டு வந்தது.
சாயங்காலம் முதலாளி சொன்னார்:
“டிரையர் ஓடுது. ஈரம் இருபது வரைக்கும் எடுத்துக்கலாம்.
செவப்புல, கொட்டை எழுத்துல போட்டு வுடு.”
போட்டேன்.
ஆறு ஐம்பதுக்கு மன்னார்குடி பஸ்.

ஒன்பது நாற்பதுக்கு எடைமேடையிலிருந்து அமிர்தகடேசன்.
“அக்கா, எல்லாப் பேரும் செவப்பா இருக்கு.
முப்பத்தோரு வண்டி.
திருப்பிக்கச் சொல்லிட்டேன்.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
சிவப்பு என்றால் தள்ளுபடி, பேச்சுக் கொடுக்காதே, திருப்பு:
நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.
அந்த ஒரு வரியைத் திறந்தவள் மூடவில்லை.
மடையை அடைக்காமல் படுக்கப் போனால்
தண்ணீருக்கு யார் வரப்பு தெரியும்?
விலையைத் தாண்டி, கரையைத் தாண்டி,
செல்லையன் மேல், ஆரோக்கியராஜ் மேல்,
எடக்கீழையூர் தையல்நாயகி மேல்
இறங்கி ஓடியிருக்கிறது என் சிவப்பு.

கைப்பேசியில் பக்கத்தைத் திறந்தேன்.
தமிழைத் தள்ளி, ஆங்கிலத்தைத் தள்ளி,
எண்களைத் தள்ளி,
மூன்றாம் தட்டில் ஒளிந்திருந்தது அந்தக் கோடு.
கட்டைவிரல் நடுங்க இரண்டு முறை தப்பி
மூன்றாவதில் விழுந்தது.
புதுப்பித்தேன்.
செல்லையன் கறுப்பு. ஆரோக்கியராஜ் கறுப்பு.
அத்தனை பேரும் அவரவர் நிறத்துக்கு வந்தார்கள்.

“வைரக்கண்ணு மட்டும் கெளம்பிட்டாருக்கா.”

அடித்தேன். எடுத்தார்.
“எங்க இருக்கீங்கண்ணே?”
“வேற எங்க? கேட்டுலதான்.”
எங்கள் ஊரில் மூடுவதற்குப் பஞ்சமே இல்லை.
சரக்கு ரயில் எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது.
அந்த ரயில்வே கேட்டை
முதல் தடவையாகக் கும்பிட்டேன்.
“திரும்பி வாங்கண்ணே, எடுத்துக்குறோம்.”
“திரும்ப எடம்? முன்னால லாரி, பின்னால பஸ்ஸு.
தார்ப்பா வேற ஒரு பக்கம் ஒழுவுது.”

பதினொன்றேகாலுக்கு மேடை ஏறினார்.
முப்பத்தெட்டு மூட்டை.
டோக்கன் போட்டபோது ஈரம் பத்தொன்பது புள்ளி ஆறு.
இப்போது இருபத்தொன்று புள்ளி நாலு.
இந்த முறை சிவப்பு, பிழையில்லாத சிவப்பு.
“என்னக்கா செய்யறது?”
ஃபோனில் டிரையர் சத்தம் கேட்டது.
அதன் பின்னால் யாரோ இருமினார்கள்.
“மொதல்ல பாத்த நம்பரையே போடு.”
“மொதலாளி?”
“போடு.”

காலையில் பெட்டியைத் திறந்தேன்.
நேற்றைய வரி சரியாக மூடியிருந்தது.
அதன் கீழே, பக்கத்தில் தெரியாத மாதிரி
குறிப்புக்கென்று இருக்கும் அடைப்புக்குள் ஒரு வரி எழுதினேன்.
எடைமேடையில் தெரியாது.
முதலாளி திரையில் தெரியாது.
என்றாவது யாராவது உள்ளே புகுந்து
மூலத்தைப் பிரித்துப் பார்த்தால் இருக்கும்:

வைரக்கண்ணு, 38 மூட்டை.
கூடின ஈரம் என்னுடையது.